தெக்கு ஆருக்கு?

மக்கா,

உன் கடையில் இப்போது வேறொருத்தன் சோடா விற்கிறான். நேற்று கால்பந்தாட்டம் முடிந்து திரும்பும்போது கால் தானாக அங்கே போய் நின்றுவிட்டது. ஒரு குப்பியை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். கோலி சட்டென்று இறங்கி, காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு குடிக்க முடியவில்லை. குப்பியைப் பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சோடாவில் ஏதோ கோளாறு என்று கடைக்காரன் நினைத்திருப்பான்.

நீ இருந்திருந்தால், "கிளப்புக் காரியம் மொதல்ல சொல்லு, நாட்டுக் காரியம் பெறவு" என்று அவசரப்படுத்தியிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவான எனக்கு வேலை கிடையாது, சோடாக்கடைக்காரனான உனக்கு வியாபாரம் கிடையாது. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். நம் டீமில் யாருக்குக் கால் சுளுக்கு, யார் வேறு கிளப்புக்குத் தாவப் பார்க்கிறான் என்று தொடங்கி, திருவனந்தபுரத்தில் மந்திரிசபை எப்போது கவிழும் என்பதில் வந்து முடியும். உனக்கு இரண்டும் ஒரே ஆட்டம்தான். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் ஊரெல்லாம் மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது நீ சொன்னாய், "அவன் கிரவுண்டை விட்டுப் போயிட்டான் மக்கா. பந்து இப்பம் ஆரு காலுல கெடக்குன்னுதான் தெரியல்ல." நம்மவர்கள் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போய், பூட்ஸ் போடாமல் ஆடித் தோற்ற செய்தி வந்த அன்று நீ கடையே திறக்கவில்லை. மந்திரிசபை கவிழ்ந்தால் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பாய். "சவம், இப்பிடி அடிக்கடி கோலியை மாத்துனா டீமு வெளங்குமா?"

நம் டீமில் கோல் காக்கிற கோலி மாறியதே இல்லை. பாறசாலைக் குட்டப்பன்தான் எப்போதும். வீட்டில் மலையாளம், மைதானத்தில் நம் பேச்சு. சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து உன் கடை பெஞ்சில்தான் படுப்பான். அவனை வைத்துக்கொண்டே சோடாக்குப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவாய். "இதுலயும் ஒரு கோலி நிக்கான் பாத்தியா? கழுத்துல நின்னுக்கிட்டு காத்தைக்கூட விடமாட்டேங்கான். நம்ம குட்டப்பன் கணக்கா!" அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வான்.

தமிழ் பேசுகிற நம் தெற்குத் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்தபோது நீ தலைகுப்புற அதில் விழுந்தாய். இரணியலில் கூட்டம் என்றால் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாய். எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. எந்த ராஜ்யமானாலும் கச்சேரியில் அதே மேசை, அதே மூட்டைப்பூச்சி. ஆனால் ஒரு கேள்வி மட்டும் உன்னிடம் கேட்டேன். சேர்ந்துவிட்டால் குட்டப்பன் வேற்று ராஜ்யத்துக்காரன் ஆகிவிடமாட்டானா?

"பாறசாலை கோட்டுமேலதாம்லே கெடக்கு. கோட்டுமேல பந்து நின்னா அவுட்டா? நீயே சொல்லு."

"லைன்மேன் ஆருன்னு பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மைதானத்தின் கோணல் உனக்குத் தெரியாததா. தெற்கே மேடு, வடக்கே சரிவு. முதல் பாதியில் தெற்குக் கோலில் நின்றால் பந்து பாதி தூரம் தானே உருண்டு போகும். ஆடி மாதமென்றால் காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளும். அதனால் நம் காப்டன் டாஸ் ஜெயித்ததும் நீ மைதானத்து ஓரத்துப் பெஞ்சுமேல் ஏறி, "தெக்கு ஆருக்கு?" என்று கேட்பாய். உன் பக்கத்தில் நிற்கிற நான்தான் முதலில் "நமக்கு!" என்பேன். பிறகு மைதானமே சொல்லும். போஸ்டுக்கு நடுவே நின்றபடி குட்டப்பனும் சொல்லுவான். கூட்டங்களுக்குப் போகிற பையன்கள் சிலர் அதை "தெக்கு தமிழனுக்கு" என்று மாற்றப் பார்த்தார்கள். நீ அடிக்கவே போய்விட்டாய். "நமக்குன்னா போதும்லே. குட்டப்பனும் கூட நின்னு கத்தாண்டாமா?"

தெற்குக்காகப் போராடினவர்கள்மேல் மேற்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய அந்த ஆடியில், ஆட்டம் வேண்டாம் என்று நான் சொன்னேன். நாலு பேர் சேர்ந்து நின்றாலே கலைக்கிற நேரம். நீ கேட்கவில்லை. வடக்கேயிருந்து புதிதாக வந்திருந்த ஒரு இன்ஸ்பெக்டர் போலீசோடு மைதானத்து ஓரமாக நின்றான். பந்தாட்டத்தில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. டாஸ் ஜெயித்தோம். நீ பெஞ்சில் ஏறினாய். அத்தனை ஜனமும் ஒரே குரலில் தெற்கு நமக்கு என்று கத்தியதும், எல்லையைப் பிரிக்கத்தான் கத்துகிறார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். லத்தி விழுந்தது. பெஞ்சுமேல் நின்றவன் நீ ஒருவன்தானே, உன்னைத்தான் முதலில் பிடித்தார்கள்.

குட்டப்பன் கோலை விட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். "சாரே, அது பந்துகளிதான் சாரே. மேடு கிட்டான் வேண்டி விளிச்சதா" என்று அவன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். மேட்டுப் பக்கம் கிடைக்கத்தான் கத்தினோம் என்பது இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. ஆனால் மலையாளம் பேசுகிற இவனுக்கு இந்தக் கூட்டத்தில் என்ன வேலை என்பது புரியவில்லை. நான் கச்சேரிப் பழக்கத்தையெல்லாம் காட்டிக் கெஞ்சினேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தான். பந்துக்காகத்தான் கத்தினேன் என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம் என்றான்.

அதைச் சொல்வதற்கென்ன மக்கா? உண்மையும் அதுதானே?

நீ என்னைப் பார்த்தாய், குட்டப்பனைப் பார்த்தாய். "இன்னைக்குக் கத்துனது பந்துக்குத்தான் சார்" என்றாய். நான் மூச்சு விட்டேன். நீ அதோடு நிறுத்தவில்லை. "ஆனா தெக்கு நமக்குத்தான்."

இன்றுவரை அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. பாதியில் வாயை மூடியிருந்தால் நீ இந்நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய். லாக்கப்பில் போட்டு அடித்து வெளியே விட்டபோது உன் நெஞ்சில் அடிபட்ட இடம் கறுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு இருமலும் போகவில்லை, குரலும் திரும்பவில்லை. கிளப்பும் சிதறியது. பாறசாலைப் பக்கத்தில் குட்டப்பனைத் தமிழனுக்குக் கோல் காக்கிறவன் என்று வழிமறித்தார்கள். நம் பக்கத்தில் அவனை ஒற்றன் என்று சிலர் சொன்னார்கள். அவன் வருவது நின்றது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் நீ பெஞ்சைத் துடைத்துப் போட்டு வைப்பாய். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

நீ படுத்த படுக்கையாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஒரு மழைநாளில் அவன் வந்தான். தலை துவட்டக்கூட இல்லை, நேராகக் கட்டிலருகே வந்து நின்றான். உன் உதடு அசைந்தது. எனக்கே முதலில் கேட்கவில்லை, குனிந்துதான் கேட்டேன். "தெக்கு ஆருக்கு?"

"நமக்குத் தன்னே அண்ணா" என்றான் குட்டப்பன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். ராஜ்யங்களின் எல்லையைப் பற்றிக் கமிஷன் என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமலேயே போய்விட்டாய்.

இப்போது நாட்டுச் செய்தி. தெற்கு நமக்கே கிடைத்துவிட்டது. போன மாதம் வெடி போட்டார்கள், கொடி கட்டினார்கள், அஞ்சுகிராமத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி ஜனம் நாகர்கோவிலுக்கு வந்தது. நீ இல்லாமல் அதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பாறசாலை திருவனந்தபுரத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. கோட்டுமேல் நின்ற பந்தை அவுட் என்று சொல்லிவிட்டார்கள்.

கிளப்புச் செய்தி நேற்று நடந்தது. மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து மறுபடி டீம் கட்டியிருக்கிறோம். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டீம் வந்தது. அவர்களுடைய கோலி குட்டப்பன். டாஸ் நமக்கு விழுந்தது. காப்டன் பழைய வழக்கத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். உன் பெஞ்சு காலியாக இருந்தது. அதில் ஏற ஒருத்தரும் முன்வரவில்லை. அடி வாங்கிய நினைவோ, இனி என்னத்துக்கு என்ற நினைப்போ, தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. குட்டப்பன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, நீ கேட்கிற அதே இழுவையோடு கேட்டான்.

"தெக்கு ஆருக்கு?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முதலில் பதில் சொல்கிறவன் நான்தானே. வாயைத் திறந்தேன் மக்கா. நமக்கு என்றால் அவனும் சேர்த்தியா, இல்லையா என்று ஒரு நொடி யோசித்துவிட்டேன். உனக்கு அந்த யோசனை ஒருநாளும் வந்ததில்லை. அந்த நொடிக்குள் விசில் ஊதிவிட்டார்கள். குட்டப்பன் கையை இறக்கிவிட்டு வடக்கே சரிவைப் பார்த்து நடந்து போனான்.

சொல்லாத அந்தச் சொல் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது, குப்பிக் கழுத்தில் கோலி நிற்கிற மாதிரி. அழுத்தி இறக்கிவிடத்தான் நீ இல்லை.