கண்மதிப்பில் பூட்டாத கொன்வேர்ட்டர்

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள அகஸ்ரீனாவுக்கு,

மாதாவின் காவலில் நீயும் மகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம். விரலில் சின்னக் காயம், அதை யோசிக்காதே.

சென்ற கிழமை கராஜுக்கு ஒரு டீசல் பிக்கப் வந்தது. மொண்டெல்லோ கடற்கரையில் படகு இழுக்கிற வண்டி. மேட்டில் எஞ்சின் இரைகிறதாம், வண்டி நகரவில்லையாம். எஞ்சினின் பலத்தை ஓட்டோ கியர்பெட்டிக்குக் கடத்துகிற கொன்வேர்ட்டரைக் கழற்றி, கூடிய பாரம் தாங்குகிற புதியதைப் போட வேண்டும்.

அது முழுதாக உள்ளே இறங்காமல் போல்ட்டை இறுக்கினால் கியர்பெட்டியின் பம்ப் உடைந்துவிடும். முதலாளி சல்வோ எட்டிப் பார்த்தார்.

"இறங்கிட்டுது, பூட்டு. ஆள் காத்துக்கொண்டு நிக்கிறார்."

நான் அடிமட்டத்தால் ஆழத்தை அளந்தேன். ஒரு சென்ரிமீற்றர் குறைந்தது.

"பூட்ட மாட்டன்" என்றேன்.

மூன்று வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் மறுப்பு. வேலை போனாலும் போகட்டும் என்று மெல்ல மெல்லச் சுழற்றித் தள்ளினேன். கடைசியில் 'டக்' என்று இறங்கியது. விரல் நசுங்கியதும் அப்போதுதான். நேற்று அந்த வண்டி படகோடு மேடேறியது. அடிமட்டம் இப்போது சல்வோவின் சட்டைப் பையில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மன்னாருக்கு வருகிற பவுல் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். மகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். அவளைக் கடதாசியில் நிறுத்தி, காலைச் சுற்றிக் கோடு கீறி, அவர் திரும்பும்போது கொடுத்துவிடு. போனில் பார்த்து நான் வாங்கியது அவளுக்குக் காணவில்லை, விரல் இடிக்கிறது என்றாயே.

அண்ணன் கீழே ஹோர்ன் அடிக்கிறார். இரண்டு காலையும் கீறு. நான் ஊரிலிருந்து வெளிக்கிட்டபோது அவள் நடக்கத் தொடங்கியிருக்கவில்லை.

உன்
விமலராஜ்