கயிற்றுக்கு அப்பால் ஐயனார்

வெள்ளிக்கிழமை இரவு, கட்டுக்கரை

மீளக் குடியேறிய பிறகு இன்றுதான் அக்காவை எங்கள் ஐயனாரிடம் கூட்டிப் போனேன். குளத்தோரக் காட்டில் நிற்கும் பாலைமரம்தான் எங்கள் குலதெய்வம். சிலை கிடையாது. மரத்தில் கை வைத்துத்தான் எதையும் கேட்போம். அக்காவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. கடைசிச் சண்டையில் காணாமல்போன மகன் சீலன் உயிரோடு இருக்கிறானா, இல்லையா.

மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கயிறு கட்டி, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். கண்ணிவெடி எடுக்கும் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அம்மா, அங்கால போகாதேங்கோ. அந்தப் பக்கம் இன்னும் பார்க்கேல்லை."

"எப்ப பார்ப்பியள் பிள்ளை?"

"தெரியாதம்மா. மழை துவங்கினால் வேலையை நிப்பாட்டிப்போடுவினம்."

அக்கா குனிந்து கயிற்றுக்குள் நுழையப் பார்த்தாள். நான் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். என் கையில் அடித்தாள். பிறகு அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். கொண்டுபோன பொங்கலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே படைத்தோம்.

"தொடாமல் கேட்டால் அதுக்குக் கேக்குமோ தம்பி?"

"கேக்கும் அக்கா" என்றேன். எனக்கென்ன தெரியும்.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. வீடென்று இருக்கிற இந்தக் கொட்டிலின் மறுபக்கத்தில் விழித்துத்தான் படுத்திருக்கிறாள். மூச்சில் தெரிகிறது. பதில் ஏதும் வந்ததா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லையென்று வந்திருந்தால், அதை அவள் வாயால் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.