ஒப்பாரி வாசித்த யாழ்

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட. அப்பா தூங்கியபிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன்.

சிதம்பரம் மேடையில் நீ யாழில் ஒப்பாரி வாசித்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் அழுதுகொண்டே இன்னொரு தடவை கேட்டார்கள். அப்பாவுக்கு எழுந்து போனவர்கள் மட்டும்தான் கணக்கு. "சாவு விழாத எடத்துல ஒப்பாரி வாசிச்சி யாரக் கொல்லப் பாக்குறா?" என்று கடலூர் முழுக்கக் கேட்கிறார். அம்மா செத்த அன்றைக்கு அதையே வாசிக்கச் சொல்லி உன்னிடம் கெஞ்சியவர் அவர்தானே?

உன்னிடம் பிடுங்கிவைத்த யாழை ஞாயிற்றுக்கிழமை கொளுத்தப்போகிறாராம். நான் அதை என் தோழி சிந்தியா வீட்டுக்குக் கடத்திவிட்டேன். இப்போது யாழின் உறைக்குள் இருப்பது தலையணை. சீக்கிரம் வந்து எடுத்துக்கொள். ஒப்பாரியை விட்டுவிடாதே.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "யாழு எங்கடி?" என்று கத்துகிறார். எவ்வளவு அடித்தாலும் நான்