இருபத்திரண்டு ‘இல்லை’கள்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நானும் என் தையல் மெஷினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறோம். முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். மூன்றாவது தடவையாக வர முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். நாலு மணி நேர பஸ்ஸுக்கு முட்டி தாங்காதாம். “அத்தை மாடியேறித் துணி காயப்போடுறாங்கம்மா” என்று என் பெண் சொல்கிறாள். மாடி ஏறுகிற முட்டி பஸ்ஸில் உட்காராதா? என் வீட்டில் கை நனைக்க உங்களுக்கு என்ன மனக்குறை?

அடுத்தது வயிற்றெரிச்சல். எங்கள் தெருக் கிளினிக்குக்குப் புதன்கிழமைதோறும் ஒரு பெண் வந்து, நாம் தமிழில் சொல்வதைத் தமிழ் தெரியாத இந்த ஊர் டாக்டருக்கு அவர் பாஷையில் சொல்வாளே, நாங்கள் ‘துபாஷி’ என்று கூப்பிடுவோமே, அவளை அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறார்களாம். தமிழ்ப் பெரியவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லையாம்! இருபத்திரண்டு பேர் வாரம் தவறாமல் போய் உட்காருகிறோம். எந்தப் புண்ணியவான் இப்படிச் சொன்னானோ தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் பெண் தங்கம். பஸ்தான் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, வேறொன்றுமில்லை.

துபாஷியை விட்டுவிடாதீர்கள். இங்கே உங்கள் மாப்பிள்ளைதான் எனக்காக டாக்டரிடம் பேசுகிறான். நான் பத்து வார்த்தை சொன்னால் அவன் இரண்டோடு முடித்துவிடுகிறான். மிச்சம் எட்டும் எங்கே போகிறதோ! பாவம், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறான், குறை சொல்லக்கூடாது. அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

புண்ணியவான் அகப்பட்டுவிட்டான். நாங்கள்தான்!

போன வருஷம் துபாஷி ஒரு படிவம் கொடுத்தாள். ‘டாக்டரிடம் பேச உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா? உதவி தேவையா?’ என்று கேட்டிருந்தது. அவள் எதிரிலேயே நிற்கிறாள். பார்த்துப் பார்த்துச் செய்கிற பெண்ணிடம் சிரமம் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மரியாதையாக ‘இல்லை’யில் குறி போட்டோம். இருபத்திரண்டு பேரும்! அத்தனை பேருக்கும் பேனா நீட்டியவள் நான்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிளினிக்கை நடத்துகிற நகராட்சியில் ஒரு கூட்டம் போட்டு எங்களைக் கேட்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் என் முன்னறையில் குறை சொல்லும் ஒத்திகை நடந்தது. எங்களில் ஒருவரான ரிடையர்ட் வாத்தியாருக்குத்தான் அதிகாரி வேஷம். “எப்படி இருக்கீங்க?” என்றார். எல்லோரும் ஒரே குரலில், “நல்லா இருக்கோம் சார், நீங்க எப்படி இருக்கீங்க?” வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் முறை வந்ததும் அவரும் அதையேதான் சொன்னார்.

கூட்டத்திலும் நகராட்சி அதிகாரியம்மா முன்னால் முதலில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது எங்கள் இருபத்திரண்டு பேரில் ஒருவரான, ரிடையரான பஸ் டிரைவர் அண்ணன் எழுந்தார். “அம்மா, எனக்கு மூலம். துபாஷி வர்றதுக்கு முன்னாடி எனக்காக டாக்டர்கிட்ட பேசினது என் மருமக. அவகிட்ட இதை எப்படிம்மா சொல்லுவேன்? மூணு வருஷம் நின்னுக்கிட்டேதான் டிவி பார்த்தேன்” என்றார். துபாஷி அதை அதிகாரியம்மாவுக்குச் சொல்லும்போது பாதியிலேயே சிரித்துவிட்டாள். அந்த அம்மாவும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆள் யார் என்று கேட்டார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி இருபத்திரண்டு பேரும் கொட்டித் தீர்த்துவிட்டோம். இனி துபாஷி வாரத்துக்கு இரண்டு நாள்!

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று இருக்கிறது. பதினொன்றிலும் ‘ஒரு குறையும் இல்லை’. எங்கள் படிவம் மாதிரியே இருக்கிறதே சம்பந்தியம்மா! டிரைவர் அண்ணன் மூன்று வருஷம் நின்றார். நீங்கள் எதை அடக்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறீர்கள்? என் பெண்தான் காரணம் என்றாலும் எழுதுங்கள். அவள் லட்சணம் பெற்ற எனக்குத் தெரியாதா?

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மே 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. போனில் கேட்டால், “அத்தை நல்லாத்தான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு என் பெண் பேச்சை மாற்றுகிறாள். என் வாய்க்கொழுப்பால் உங்கள் மனசு நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஊரையே குறை சொல்ல வைத்த தலைக்கனத்தில் உங்களையும் நோண்டிவிட்டேன். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


ஜூன் 8

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டிவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன். உங்கள் பெண்ணிடமும் நான்தான் வாயைத் திறக்காதே என்றேன்.

பன்னிரண்டாவது கடிதத்தில் உண்மையை எழுதுகிறேன். நான் நன்றாக இல்லை. ஒன்றரை வருஷமாக, தும்மினால், சிரித்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போய்விடுகிறது. நாலு மணி நேர பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். தலை சுற்றியது. உங்கள் மாப்பிள்ளை டாக்டரிடம் தலைசுற்றலை மட்டும் சொன்னான். பெற்ற பிள்ளையை நடுவில் உட்காரவைத்து மிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன்?

டிரைவர் அண்ணன் கதையைப் படித்து அப்படிச் சிரித்தேன், சேலை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு! அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, சமையலறையில் நின்ற உங்கள் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடனே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள். போனிலேயே மொழிபெயர்க்க ஆள் இருக்கிறதாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம்!

டாக்டர் மேஜையில் போன். அதிலிருந்து ஒரு பெண்ணின் தமிழ். “நீ வெளியே இருப்பா” என்று பிள்ளையை அனுப்பிவிட்டு இருபது நிமிஷம் பேசினேன். பத்து வார்த்தைக்குப் பத்தும் போய்ச் சேர்ந்தது. என் வயதில் நிறையப் பேருக்கு உண்டாம், சரிசெய்யலாமாம். மாத்திரையும் பயிற்சியும் தந்தார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டது. போன ஞாயிறு உங்கள் மாப்பிள்ளை அடித்த ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஊரில் போனில் ஆள் இருப்பது தெரியாமல் என்னைப் போல இன்னும் எட்டுத் தமிழ்ப் பெரியவர்கள் இருந்தார்கள். எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கிளினிக் படிவத்தில் ஒன்பது பேரும் ‘ஆம்’ போட்டோம், நான்தான் முதலில்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் தனியாக வருகிறேன். பத்து நாள் இருப்பேன். டிரைவர் அண்ணனை உட்காரவைத்து ஒரு கும்பிடு போட வேண்டும். எழுதிக்கொண்டே இன்றைக்கு ஐந்தாவது தம்ளர் தண்ணீர் குடிக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்