ஊசி பிடித்ததா?

1985 நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாலக்கரையில் பஸ் ஏறுவதற்குள் சேலை ஓரம் முழுக்கச் சேறு. ஃப்ளூ ஊசி ஒருவழியாகப் போட்டாயிற்று. இடது கை. டாக்டரின் நண்பர் வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்ததாம். ஊசிக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. இரண்டும் மெட்ராசுக்குப் போகும், எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்க்க.

"பிடிக்குமா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. மாத்தி வச்ச கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்கத்தானே மாத்திரை? அதே மாத்திரை ஊசியையும் அமுக்கிடும்."

பிடித்தே ஆக வேண்டும். பிடித்தால் ஜனவரியில் மறுபடி வகுப்பெடுக்கலாம், இல்லையென்றால் பள்ளி லைப்ரரிதான். தலைமையாசிரியை மதர் சொல்லிவிட்டார். தும்மும் பிள்ளைகளிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறாராம். லைப்ரரியில் நானும் கரப்பான்களும்.

வாங்க வேண்டியவை: சிவப்பு மை, பிளாஸ்க் மூடி.

நவ. 5

கை வீங்கவில்லை. காய்ச்சலும் இல்லை. அண்ணி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மை குத்தினப்ப எப்படிப் பழுத்துச்சு! இதுல ஒண்ணையும் காணோமே ரீத்தா. பிடிக்கலை போல."

அமுக்குவது மாத்திரைதானே? ஊசி வேலை செய்யும்வரை மஞ்சள் மாத்திரையை நிறுத்தினால் என்ன? நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நவ. 8, வெள்ளி

மூன்று நாளாக மாத்திரை இல்லை. அண்ணன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வழக்கம்போல், "மாத்திரை போட்டியா?" அவனிடம் பொய் வரவில்லை. எனக்குள் இருப்பது அவன் கிட்னி. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வாங்கின?"

அவ்வளவுதான். சாப்பிடாமல் வெளியே போய் நின்றான். அழுதேன். பிறகு அவன் எதிரிலேயே போய் மாத்திரையை விழுங்கினேன்.

நவ. 9

அண்ணனே டாக்டரிடம் இழுத்துப்போனான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கை வீங்கலைன்னா பிடிக்கலைன்னு யாரும்மா சொன்னது? ரத்தத்துலதான் தெரியும். மாத்திரையை நிறுத்தினா கிட்னிதான் போகும்!"

ரத்தம், சிறுநீர் பார்த்தார்கள். சேதமில்லை. மாதா காப்பாற்றினாள். இனி ஒரு வேளைகூடத் தவறாது.

டிச. 12

மெட்ராஸ் முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறது, ஆனால் போதாது என்றார் டாக்டர். "உங்களை மாதிரி கிட்னி மாத்தினவங்கள்ல சிலருக்கு நல்லா ஏறுது, சிலருக்கு ஏற மாட்டேங்குது. காய்ச்சல்னா அன்னைக்கே வந்துடுங்க."

வகுப்புக்குப் போகலாமா?

"ஜாக்கிரதையாப் போகலாம்."

அது போதும் எனக்கு.

டிச. 13

மதர் அறை. "ஊசி பிடிச்சுதா, டீச்சர்?"

"அரைகுறைதான், மதர். கிட்னி நல்லாப் பிடிச்சிருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப லைப்ரரிதானே?"

"வேண்டாம் மதர். ஆறு பி கொடுங்க. அங்க ஜன்னல் அதிகம். இருமுற பிள்ளையை நானே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"பிடிவாதம்!"

டைம்டேபிளை என் பக்கம் திருப்பினார். பென்சிலை நானே எடுத்து எழுதினேன்: ஆறு பி, ரீத்தா.