சீட்டில் எழுதியபடி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஜெபிக்கவில்லை. எட்டு மாதமாகிறது. கட்டிலோரம் முழங்கால் போட்டேன். முழங்கால் வலித்தது. நடந்தது அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னால் "உபவாசம் இரு" என்பாள். வெறும் வயிற்றோடு என் சலவை வேலையில் ஈரப் போர்வை வண்டியைத் தள்ளிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

சபையில் விண்ணப்பச் சீட்டுகளை வாசிப்பது என் வேலை. வாசலில் ஒரு பெட்டி. பெயர் போடாமல் எழுதிப் போடுவார்கள். எழுதியபடியே வாசிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். 'வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார்' என்றிருந்தால், 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக.' 'முதலாளி கை வைக்கிறான்' என்றால், 'வேலைத்தலத்தில் சோதனையைச் சந்திக்கும் சகோதரிக்காக.' மரத்தை இழைப்பதுபோல் நன்றாகச் சீவுவேன். ஒரு சிலாம்பு நிற்காது. போதகர் போன மாதம் மெச்சினார்.

வாசிக்கிறேன். அதில் ஒன்றுக்காகக்கூட நான் ஜெபித்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், அழுக்கு விரிப்புகளைப் பிரிக்கும் மேஜையில், மெஷின் அக்கா திடீரென்று கையை உதறினாள். மூன்றாம் மெஷினை வேறு யாரையும் தொட விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர். விரிப்புக்குள் ஊசி. வார்டில் யாரோ விட்டது. அவள் கையுறையில் மூன்று வாரமாக ஓட்டை. புதுசு கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"யாருக்குக் குத்துன ஊசியோ" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அக்கா கை கழுவப் போனதும் மேற்பார்வையாளர் சம்பவப் பதிவேட்டோடு வந்தார். எங்கள் சபை மூப்பரும் இவரே. சட்டை மடிப்புக் கலையாது என்பதால் பெண்கள் வைத்த பெயர் 'மடிப்பு.' 'கையுறை அணியாத கவனக்குறைவு' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்.

"அக்கா போட்டிருந்தாங்களே அங்கிள்."

"ஓட்டைக் கையுறை போட்டா என்ன, போடாட்டி என்ன? எதுக்கும்மா வம்பு. போடு."

போட்டேன். எதையும் சீவிச் சீவிப் பழகிய கை. தயங்கவேயில்லை.

மார்ச் 11, புதன்

அக்காவுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. ஏழு நாளில் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை போகும். சாட்சி யார் என்று அவளுக்குத் தெரியாது. முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதுவரை பிள்ளைக்கு முத்தம் கொடுக்கலாமா என்று நர்சிடம் கேட்டாளாம்.

மார்ச் 13, வெள்ளி

அக்கா ஒரு காகிதத்தை மடித்து என் பையில் திணித்தாள்.

"எங்க சாமி இப்பல்லாம் எங்கூடப் பேசறதில்ல. உங்க பெட்டியில போடு. உனக்கு அங்க செல்வாக்கு இருக்குல்ல?"

"இருக்குக்கா."

இரண்டாவது பொய்.

மார்ச் 14, சனி

இருக்கீரா இல்லையா? இருந்தா வாயத் திறந்தா என்ன? கையுறைக்குக் காசில்லாத ஆஸ்பத்திரி, அதுக்கு ஒரு மூப்பர், அவருக்கு முதல் வரிசை நாற்காலி — இதெல்லாம் உமக்குச் சம்மதமா? நான் போட்ட கையெழுத்த நீரும்தானே பாத்துக்கிட்டிருந்தீர்? ஏன் கையப் பிடிச்சு நிறுத்தல?

எழுதியதைத் திரும்பப் படித்தேன். இது ஜெபமில்லை, சண்டை. ஆனால் எட்டு மாதத்தில் அவரிடம் நான் முகம் பார்த்துப் பேசியது இதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

ஏழு சீட்டு. ஆறைச் சீவினேன். ஏழாவதைச் சீட்டில் எழுதியபடியே வாசித்தேன்: 'ஊசி குத்திருச்சு. கையுறை ஓட்டைன்னு மூணு வாரமாச் சொன்னேன். போடவே இல்லன்னு எழுதிட்டாங்க. வேலை போகக் கூடாது. எம்புள்ள பக்கத்துல படுக்கப் பயமா இருக்கு.'

மடிப்பு முதல் வரிசையில். கீழே பார்க்காமல் சொன்னேன்: "பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்."

போதகர் அவசரமாக, "பாடித் துதிப்போம்" என்றார். பின்வரிசையிலிருந்து தையல்காரம்மா எழுந்தாள்.

"பாட்டு எங்கயும் ஓடிராது ஐயா. முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஜெபம் பண்ணுங்க."

மார்ச் 16, திங்கள்

பொய்யாகக் கையெழுத்திட்டேன் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகு அக்காவிடம் சொன்னேன்.

"நீயாடி?"

அவ்வளவுதான் கேட்டாள். அடித்திருக்கலாம்.

வீட்டில் அம்மா: "மூப்பரையே பகைச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட சபைக்குப் போறது?"

இருக்கிற மூஞ்சியோடதான்.

ஏப்ரல் 8, புதன்

விசாரணை முடிந்தது. அக்காவின் நோட்டீஸ் ரத்து. எல்லோருக்கும் புதுக் கையுறை. மடிப்பு அதே நாற்காலியில், அதே சட்டையில். எனக்கு மெமோ. ஆறு மாதத்துக்கு அழுக்கு மேஜையை விட்டு நகர முடியாது. சபையில் சீட்டு வாசிக்கவும் வேறு ஆள். அக்கா இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பின்வரிசையில் தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று வாசித்தார்கள். அவள் விரல் முந்தானையை முறுக்கியது. அப்போதுதான் புரிந்தது — எத்தனை வாரம் அவள் சீட்டைச் சீவியிருக்கிறேன்! அவள் வீட்டில் நடப்பதை நடக்கிறபடியே ஆண்டவரிடம் சொன்னேன், சத்தமில்லாமல். பதில் ஏதும் வரவில்லை. ஆனாலும் முடிக்கும்வரை சொன்னேன்.

ஜூன் 10, புதன்

நாளை அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு. காலையில் அழுக்கு மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஜெபம் பண்ணு. இங்கயே."

"எனக்கு ஒழுங்கா வராதுக்கா."

"எனக்கு மட்டும் வருதா? ஆரம்பிடி."

கையுறையோடு நின்றபடி ஆரம்பித்தேன். கண்ணை மூடவில்லை, விரிப்பில் ஊசி இருக்கலாம். பயமாயிருக்கிறது என்பதைப் பயமாயிருக்கிறது என்றே சொன்னேன். உள்ளே ஒரு கதகதப்பும் இல்லை, பழைய வறட்சிதான். நிமிர்ந்தால் மடிக்கும் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்:

"நாளைக்கு எனக்கும் சாமிகிட்ட ஒண்ணு சொல்லணும். எத்தன மணிக்கு வரட்டும்?"

ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன். நானும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.