நீங்கள் சுடாத ரவைகள்

என் செல்ல அப்பாவுக்கு, கடல் தாண்டி வந்த இந்த ரோவில் ஊரில் ஒரு மானையும் சுடாத ஒரேயொரு தமிழ் வேட்டைக்காரருக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

செத்த வீட்டில் உங்களை "வேலை, வீடு, கோயில் எண்டு இருந்த மனிசன்" என்றார்கள். துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அம்மா திறக்க விடவுமில்லை. நீங்கள் இருக்கும்போதும் அப்படித்தானே? சனிக்கிழமைகளில் யாராவது போன் எடுத்தால், "அவர் தோட்ட வேலையா நிக்கிறார்" என்று சொல்லுவா. "ஒரு கால்தான் குறையுது அன்ரி, அது தோட்டா வேலை" என்று நான் பின்னால் நின்று கத்துவேன். கராஜுக்குள் நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருக்காது.

நீங்கள் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று எங்கள் ஆட்கள் பலருக்கு இன்றைக்கும் தெரியாது. கடையில் விற்கிற ரவை எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது, கடையில் தொங்குகிற சட்டை மாதிரி. உங்களுக்கு அளந்து தைத்த சட்டைதான் வேண்டும். சுட்டு முடித்த வெறுங்கோதுகளைக் கழுவித் துடைத்து, பல்லுக் குத்துவதுபோல அடியைச் சுரண்டி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துவீர்கள். ஒரு கிழமை மருந்து ஒரு பொட்டுக் கூடும். அடுத்த கிழமை குண்டு ஒரு மயிரிழை உள்ளே போகும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றக்கூடாது, மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பீர்கள். பிறகு சூட்டுத் திடலுக்குப் போய்க் கடதாசியில் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று பார்ப்பீர்கள். ஓட்டைகள் விலகியிருந்த நாட்களில் வீடு வரும்வரை கார் ரேடியோவைக்கூடப் போடமாட்டீர்கள்.

குசினியில் ஒரு ரவை, கராஜில் ஒரு ரவை. உப்புமாவாவது அரை மணித்தியாலத்தில் மேசைக்கு வந்தது.

எனக்கு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ரவை சரி வரட்டும் பிள்ளை. அடுத்த குளிருக்கு ரெண்டு பேரும் மலைக்குப் போவம்." அதற்காகத்தான் நான் இளையோர் துப்பாக்கி உரிமத்துக்குப் படித்துப் பாஸ் பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெட்டையள் கார் ஓட்டுகிற கதை கதைக்க, நான் சம்பர் மானின் காலடி பற்றிக் கதைத்துப் பைத்தியம் என்று பெயர் வாங்கினேன். மான்ஸ்ஃபீல்டுக்கு மேலே போவோம், பெயரிலேயே மான் வைத்திருக்கிற ஊர் எங்களை ஏமாற்றாது என்று நான்தான் உங்களுக்குச் சொன்னேன்.

இறைச்சி வைப்பதற்கென்று பெரிய ஃப்ரீசர் ஒன்றும் வாங்கினீர்கள். ஒரு குளிர் போனது, இன்னொன்று போனது. ஃப்ரீசருக்குள் அம்மா விளைமீனையும் பரோட்டாவையும் அடுக்கினா. நான் மூடியில் ஒரு துண்டு ஒட்டினேன்: "மான் வரும்வரை மீன்." அதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டீர்கள். நான் பகிடி விட்டது உங்களைக் கிண்டிவிடத்தான் அப்பா, சிரிக்க வைக்க இல்லை. அது உங்களுக்கு விளங்கவில்லையா, விளங்காத மாதிரி இருந்தீர்களா?

ரவையை ஏன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "காயப்பட்டது ஓடக்கூடாது. விழுந்தா அந்த இடத்திலேயே விழவேணும்," என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சின்ன வயதில் ஊரில் காயப்பட்டு ஓடியதையெல்லாம் பார்த்தவர் நீங்கள் என்று எனக்குத் தெரியும். எதை, யாரை என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

துப்பாக்கிக்கு மருந்தை அப்படி நிறுத்து நிறுத்துப் போட்ட மனிசன், தன்னுடைய பிறஷர் குளிசையை வாரக்கணக்கில் பெட்டிக்குள் விட்டிருக்கிறார். குப்பைத் தொட்டியை வீதிக்குத் தள்ளிக்கொண்டு போன இடத்தில் விழுந்தீர்கள். விழுந்த அந்த இடத்திலேயே முடிந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இனி இங்கத்தையச் செய்தி. உரிமக்காரர் போய்விட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். திடலில் உங்களுக்குப் பக்கத்து மேசையில் சுடுகிற கிறெக் அங்கிள் அதைத் தன் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொண்டார். எனக்குப் பதினெட்டு வரும்போது, அம்மா ஓமென்றால், எனக்குத் தருவாராம். ரவைப் பெட்டிகளையும் கொண்டுபோனார். ஒருநாள் அவற்றைச் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். இன்னொருவர் கையால் அடைத்த ரவையை யாரும் தங்கள் துப்பாக்கியில் போடமாட்டார்களாம். செய்தவர் எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் சரி, பெற்ற தாயே அடைத்துக் கொடுத்தாலும் சரி. உள்ளே என்ன இருக்கிறது என்பது அடைத்த கைக்கு மட்டும்தான் தெரியும் என்றார்.

உங்கள் செத்த வீட்டுக்கு எத்தனை வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது! யார் சமைத்தது என்று கேட்காமல் எல்லோரும் சாப்பிட்டோம். நீங்கள் செய்து வைத்ததை மட்டும் தொட ஆளில்லை.

ஆகவே அந்த ரவைகளைக் கழற்றினோம், அவருடைய கொட்டகையில், அவரும் நானும். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமானுக்குள் ரவையை மாட்டி மரக்குற்றியில் அடித்தால் குண்டு கழன்று விழும், மருந்து கொட்டும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. அவ்வளவு அழகாகச் செய்திருந்தீர்கள். ஒரு பின்னேரம் முழுக்க நான் உங்களை அடித்து அடித்துக் கழற்றினேன்.

பாதியில் கிறெக் அங்கிள் சாதாரணமாகத்தான் சொன்னார். இந்த ரவை எப்போதோ சரி வந்துவிட்டதாம். போன குளிருக்கு முந்தின குளிரிலேயே ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தனவாம். இனிக் கை வைக்காதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று அவரே உங்களுக்குச் சொன்னாராம். நீங்கள் ஓமென்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை வேறு மருந்து வாங்கி முதலிலிருந்து தொடங்கினீர்களாம்.

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். அந்தக் குளிரில்தான் எனக்கு மலைச் சப்பாத்து வாங்கித் தந்தீர்கள். அது இப்போது காலுக்குப் போகாது.

வீட்டுக்கு வந்து, இது தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தச் சத்தம் வேண்டாமெண்டுதான் நாங்கள் வள்ளம் ஏறினது," என்றா. "பிறகு ஏன் அவரை அந்தச் சாமானை வீட்டுக்குள்ள வைக்க விட்டனான் எண்டு நினைக்கிறாய்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அவர் சுடமாட்டார். கடதாசிக்குச் சுடுவார், உயிருக்குச் சுடமாட்டார். எனக்குத் தெரியும். அதாலதான் விட்டனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை."

அப்பா, உங்களால் ஏலாது என்பதை நான் குறை சொல்லவில்லை. "என்னால ஏலாது பிள்ளை, வா, மானைப் பாத்துப்போட்டு மட்டும் வருவம்" என்றிருந்தால் நான் சிரித்துக்கொண்டு வந்திருப்பேன். வழியெல்லாம் நக்கலடித்து உங்கள் உயிரை எடுத்திருப்பேன், அது வேறு. ஆனால் நாங்கள் ஒன்றாய் மலை ஏறியிருப்போம். உங்களுடைய பயத்தை எனக்குச் சொல்ல ஏலாமல், ரவையில்தான் பிழை என்று இரண்டு குளிரை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். நான் அவ்வளவு சின்னப் பிள்ளையாகவா இருந்தேன்? இல்லாவிட்டால், நான் எல்லாவற்றையும் பகிடியாக்கிவிடுவேன் என்று பயந்தீர்களா? இதற்கு இனி யார் எனக்குப் பதில் சொல்வது?

கிறெக் அங்கிள் வருகிற குளிருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். அம்மா இன்னும் ஓமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நேற்று என் கால் அளவைக் கேட்டா.

நான் போவேன் அப்பா, கடையில் தொங்குகிற சட்டை போதும் எனக்கு. மான் முன்னால் வந்து நிற்கும்போது என் விரல் மடங்குமோ மடங்காதோ எனக்குத் தெரியாது. மடங்காவிட்டால், பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த இடத்திலேயே சொல்லுவேன், என்னால் ஏலாது என்று. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொல்லுவேன். ரவையைச் சாட்டமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்னும் கோபம் ஆறாத, உங்கள் ஒரே மகள்,
கீர்த்தி